நாலு கம்பியும் ஒரு ஃபில்லர் கேஜும்

எங்க பேண்டுல எனக்கு ஒரு பட்டப்பேர் இருந்தது. "அஞ்சாம் ஃப்ரெட் ஆறுமுகம்". என் பேர் ஆறுமுகம் இல்லை. ஆனா அஞ்சாம் ஃப்ரெட் சமாச்சாரம் நூத்துக்கு நூறு உண்மை. பேஸ் கிடார்ல அஞ்சாவது ஃப்ரெட்டைத் தாண்டி நான் மேல போகவே மாட்டேன். போனா கீபோர்டு வாசிக்கிற நண்பன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பான். சாம்பார்ல பல்லி விழுந்தா பார்ப்பாங்களே, அந்தப் பார்வை.

தப்பு என் விரல்லதான்னு ரொம்ப நாள் நினைச்சுட்டிருந்தேன். விரல் வலிக்கும், கொப்புளம் வரும், சுருதியும் சேராது. "ப்ராக்டீஸ் பத்தலைடா"ன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில உக்காந்து கொசுக்கடியில ப்ராக்டீஸ் பண்ணேன். கொசுவுக்குத்தான் லாபம்.

என் பேஸோட ஜாதகத்தைச் சொல்லிடறேன். ஒரு சீனியரோட மாமா அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்தது. பேர் சொல்ற கம்பெனி எல்லாம் இல்லை. ஃபெண்டர் 1960-ல கொண்டு வந்த ஜாஸ் பேஸ் மாடலைப் பார்த்து யாரோ செஞ்சது. சீனியர் கோர்ஸ் முடிச்சுக் கிளம்பும்போது 14,000 ரூபாய்க்கு என் தலையில கட்டினார். அந்த 14,000 எங்கிருந்து வந்ததுன்னு பிறகு சொல்றேன். அதுதான் இந்தக் கதையில எனக்குப் பிடிக்காத பகுதி.

ஒருநாள் வேற காலேஜ் பையன் ஒருத்தன் அதை வாங்கி ரெண்டு நிமிஷம் வாசிச்சுப் பார்த்துட்டு, "பாஸ், இதுக்கு செட்டப் பண்ணி எத்தனை வருஷம் ஆச்சு?"ன்னு கேட்டான். செட்டப்பா? அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். வண்டிக்கு சர்வீஸ் மாதிரி கிடாருக்கும் உண்டாம். கடையில விசாரிச்சேன். 1,500 ரூபாய், பத்து நாள் ஆகும்னாங்க. எங்ககிட்ட ரெண்டுமே இல்லை. பிப்ரவரியில கல்சுரல்ஸ். அதுல ஒரு பாட்டுல பேஸ் மட்டும் தனியா எட்டு பார், பன்னிரண்டாம் ஃப்ரெட் வரைக்கும் ஏறி இறங்கணும். ஒத்துக்கிட்டு வாயைக் கொடுத்தவன் நான்தான்.

சரி, நாமளே பண்ணிடுவோம்னு இறங்கினேன். இன்ஜினியரிங் படிக்கிறோம்ல! (அந்த ஒரு நினைப்புதான் எத்தனை பேர் வீட்டு மிக்ஸியைக் காலி பண்ணியிருக்கு.)

முதல் தப்பு, வேலையை அடியில இருந்து ஆரம்பிக்காம நுனியில இருந்து ஆரம்பிச்சது. கம்பி ரொம்ப உயரத்துல இருக்கு, அதனாலதான் விரல் வலிக்குதுன்னு கண்டுபிடிச்சேன். அது சரிதான். பதினேழாம் ஃப்ரெட்டுல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல 4 மில்லிமீட்டர் இருந்தது. பாடியோட கோடியில பிரிட்ஜ்னு ஒரு தகடு. அதுல கம்பிக்கு ஒண்ணா நாலு சேடில். ஒவ்வொண்ணுலயும் எறும்பு சைஸ்ல ரெண்டு ஸ்க்ரூ. அதைத் திருகினா கம்பி இறங்கும். இறக்கினேன். இறக்கிக்கிட்டே போனேன். விரலுக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனா பன்னிரண்டுக்கு மேல எங்க தொட்டாலும் "ஸ்ஸ்ர்ர்ர்"னு ஒரு சத்தம். தகர டப்பாவுல வண்டு மாட்டின மாதிரி.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். மேட்டர் இதுதான். பேஸ்ல நாலு கம்பி. சாதாரணமா கிடைக்கிற செட்டுல மெல்லிசு 45, தடிசு 105. அது இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு. இந்த நாலும் சுருதிக்கு வரும்போது மொத்தமா 80 கிலோவை ஒட்டி இழுக்கும். ஒரு வளர்ந்த ஆள் அந்தக் கழுத்தைப் பிடிச்சுத் தொங்கறான்னு வைங்க, ராப்பகலா, வருஷக் கணக்குல. மரம் என்ன பண்ணும்? வில்லு மாதிரி முன்பக்கம் வளையும். அதுக்கு எதிர்ப் பாரம் கொடுக்கத்தான் கழுத்துக்குள்ள நீளமா ஒரு இரும்புக் கம்பி ஓடுது. ட்ரஸ் ராட். கிப்ஸன் கம்பெனியில வேலை பார்த்த தாடியஸ் மக்ஹ்யூங்கிறவருக்கு 1923-ல இதுக்குப் பேட்டண்ட் கிடைச்சது. நூறு வருஷம் தாண்டியும் தத்துவம் பெருசா மாறலை. வலப்பக்கம் திருகினா ராட் இறுகும், கழுத்து நிமிரும். இடப்பக்கம் திருகினா தளரும், கம்பிகள் கழுத்தை வளைச்சுக்கும்.

சுத்தமா நேரா இருக்கணும்னும் இல்லை. கம்பி அதிரும்போது நடுவுலதான் அகலமா ஆடும். அந்த ஆட்டத்துக்கு இடம் விட்டு லேசா ஒரு குழிவு வேணும். அந்தக் குழிவு அதிகமா இருக்கிற கழுத்துல நான் கம்பியை மட்டும் இறக்கினதால, மேல் ஃப்ரெட்டுகள்ல கம்பி போய் மோதுது. வண்டுச் சத்தம் எங்க வருதுங்கிறதே ஒரு நோய்க்குறி. ஒண்ணுல இருந்து அஞ்சு ஃப்ரெட்டுக்குள்ள மட்டும் வந்தா கழுத்து தேவைக்கு மேல நிமிர்ந்திருக்கு. பன்னிரண்டுக்கு மேல மட்டும்னா பெரும்பாலும் குழிவு ஜாஸ்தி. எல்லா இடத்துலயும்னா கம்பி ரொம்பத் தாழ்ந்திருக்கு. டாக்டர் வயித்தை அமுக்கி "இங்க வலிக்குதா, இங்க வலிக்குதா"ன்னு கேக்கற மாதிரி.

ஆக, ட்ரஸ் ராடைத் திருகணும். ஹாஸ்டல்ல மெக்கானிக்கல் பையன்கிட்ட ஆலன் கீ செட்டு வாங்கினேன். 5 மில்லி உள்ள போகலை. 4.5 போச்சு, ஆனா ஆடுச்சு. "ஆடினா என்ன, திரும்பினா சரி"ன்னு திருகினேன். கிறுக்குன்னு ஒரு சத்தம். திரும்பலை, வழுக்குச்சு. அத்தோட நிறுத்தினேன். கையெல்லாம் வேர்த்துடுச்சு. அந்த ராட் உடைஞ்சா கழுத்தே போச்சு, கழுத்து போனா 14,000 போச்சு.

நல்லவேளை, பொங்கல் லீவு வந்தது. பேஸைத் தூக்கிக்கிட்டுக் கோயம்புத்தூர் ரயில் ஏறினேன்.

எங்கப்பா லேத் ஓட்டறவர். வீட்டுக்கு முன்னாடியே ஷெட்டு, ரெண்டு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின். பம்ப்புக்கு ஷாஃப்ட், புஷ்ஷுன்னு ஜாப் ஒர்க். கோயம்புத்தூர் பக்கம் இருக்கறவங்களுக்கு இது புதுசில்லை, தெருவுக்கு நாலு அப்பா இப்படி இருப்பாங்க. முப்பது வருஷமா அவர் பேசற பாஷை "தவ்". இன்ச்சுல ஆயிரத்துல ஒண்ணு. "ரெண்டு தவ் கூட இருக்குது பாரு"ன்னு விரலால தடவியே சொல்லிடுவார். கிடார் கம்பி டப்பாவுல போட்டிருக்கிற 45, 105 எல்லாம் அதே தவ்தான்னு எனக்கு அதுவரைக்கும் உறைக்கலை.

ராத்திரி சாப்பிட்டதும் பேஸை வெளியில எடுத்து வெச்சேன். அப்பா தூரத்துல நின்னு பார்த்தார்.

"இது அந்தப் பையனோடதுதான?"

இங்கதான் அந்தப் பிடிக்காத பகுதி. பேஸ் ஃப்ரெண்டோடது, இரவல் வாங்கி வாசிக்கிறேன்னு வீட்டுல சொல்லியிருந்தேன். 14,000 ரூபாய்? அது "கோர்ஸ் ஃபீஸ்". ஏதோ சாஃப்ட்வேர் கோர்ஸ்னு சொல்லி வாங்கினது. அப்பா அந்த மாசம் சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தார்.

"ஆமாப்பா. கழுத்து வளைஞ்சிருக்கு. இந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகித் தரீங்களா?"

"அடுத்தவன் சாமானை அவனைக் கேக்காம திருகலாமாடா? அவன்கிட்டக் கேட்டுட்டு வா."

"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்பா."

"ஒடஞ்சா யார் பதில் சொல்றது? நான் தொடமாட்டேன்." போய்ப் படுத்துட்டார்.

முப்பது வருஷத்துல அடுத்தவங்க கொடுத்த பீஸை ஒரு தவ் கூட ஏமாத்தாத மனுஷன். அவர் அப்படித்தான் சொல்வார்னு எனக்குத் தோணியிருக்கணும். ராத்திரி பூரா புரண்டேன். ஃபேன் சத்தம் கூட ஃப்ரெட் பஸ் மாதிரியே கேட்டது.

காலையில அவர் பல் விளக்கும்போது பக்கத்துல போய் நின்னு சொல்லிட்டேன். பேஸ் என்னோடதுதான். கோர்ஸ்னு ஒண்ணு இல்லவே இல்லை. அந்தக் காசுதான் இது.

அப்பா திட்டினா தேவலாம்னு இருந்தது. வாயைக் கொப்புளிச்சுத் துப்பிட்டு, துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "மாசம் உனக்கு அனுப்பறதுல ஆயிரம் ஆயிரமாக் கழிச்சுக்கறேன்"னார். அவ்வளவுதான். அப்புறம் மத்தியானம் வரைக்கும் என்கூட ஒரு வார்த்தை பேசலை. அன்னிக்குப் பொங்கல் வேற. அம்மா ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துட்டு ஒண்ணும் கேக்காம பொங்கல் கிண்டினாங்க.

சாப்பிட்டுட்டு நான் கொஞ்ச நேரம் கண்ணசந்தேன். எழுந்து பார்த்தா ஷெட்டுல லைட்டு எரியுது. அப்பா பேஸை மடியில போட்டுக்கிட்டு, ஒரு கண்ணை மூடி, கழுத்தை நீளவாக்குல பார்த்துட்டிருக்கார். ஷாஃப்ட் வளைஞ்சிருக்கான்னு பார்ப்பாரே, அதே மாதிரி.

"எதுல திருகினே?"

4.5 சாவியைக் காட்டினேன். வாங்கி ஓட்டைக்குள்ள விட்டு ஆட்டிப் பார்த்தார். "அறிவிருக்கா? இது இன்ச்சுடா. த்ரீ பை சிக்ஸ்டீன்." 3/16 இன்ச்சுன்னா 4.76 மில்லி. 5 போகாது, 4.5 ஆடும். நான் இன்னும் ரெண்டு தடவை திருகியிருந்தா அறுகோண ஓட்டை வட்டமாயிருக்கும். அப்புறம் அதைத் திருகப் பிரம்மாவே வரணும். அப்பா டப்பாவுல தேடி கறுப்பா ஒரு பழைய சாவியை எடுத்தார். க்ளக்குனு உக்காந்தது. சேடில் ஸ்க்ரூவும் அதே கதைதான், 1/16 இன்ச். வேர்வையில துரு ஏறி நாலு ஸ்க்ரூ அசையவே இல்லை. ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, "ராத்திரி ஊறட்டும்"னார்.

அப்புறம் ஒரு காமெடி. நான் "மொதல்ல நட்டுகிட்ட அமுக்கணும்பா"ன்னேன். அப்பா தலைமாட்டுல தேடோ தேடுன்னு தேடறார். "எங்கடா நட்டு? மரையே காணோமே?" கிடார் பாஷையில நட்டுன்னா கழுத்தோட நுனியில கம்பிங்க உக்கார்ற காடி வெட்டின வெள்ளைத் துண்டு. அதுக்கு மரையும் இல்லை, போல்ட்டும் இல்லை. "இதுக்குப் போய் எவன்டா நட்டுன்னு பேர் வெச்சான்?" அன்னிக்கு அவர் முகத்துல முதல் தடவையா லேசா ஒரு சிரிப்பு. நானும் சிரிச்சேன், கொஞ்சம் தாமதமா, ஜாக்கிரதையா.

குழிவை அளக்கற விதம் ரொம்ப எளிசு. கொத்தனார் நூல் பிடிக்கிற மாதிரிதான், நூலுக்குப் பதில் கம்பி. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே சமயத்துல அமுக்கினா, நடுவுல கம்பி நேர்கோடா நிக்கும். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் கிட்ட அடியில எவ்வளவு இடைவெளின்னு பார்க்கணும். நான் முதல் ஃப்ரெட்டுல அமுக்க, முழங்கையால கடைசியில அமுக்க, அப்பா ஃபில்லர் கேஜ் இதழை ஒவ்வொண்ணா நுழைச்சார். வண்டிக்கு டேப்பட் செட் பண்ணுவாங்களே, அதே கேஜ். கம்பியைத் தூக்காம, ஆனா உரசிக்கிட்டுப் போற இதழ்தான் அளவு. 0.8 மில்லி. வேண்டியது 0.3 கிட்ட. ஃபெண்டர் கம்பெனி தன்னோட பேஸுகளுக்குச் சொல்ற அளவு, விரல்பலகையோட வளைவைப் பொறுத்து, 10 முதல் 14 தவ். அப்பாகிட்ட "பன்னெண்டு தவ்"னு சொன்னதும் அவர் வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிட்டார்.

கம்பியைக் கொஞ்சம் தளர்த்திட்டு, வலப்பக்கம் கால் சுத்து. அதுக்கு மேல இல்லை. மறுபடி சுருதி கூட்டி அளந்தா 0.6 கிட்ட. எனக்கு அவசரம், "இன்னொரு சுத்து..."ன்னேன். "இரும்பு உடனே கேக்கும். மரம் கேக்க நேரமாவும். நாளைக்குப் பாரு." மாட்டுப் பொங்கல் காலையில அளந்தா தானாவே 0.55-க்கு இறங்கியிருந்தது. இன்னொரு கால் சுத்து. சாயங்காலம் 0.35. "போதும், விட்டுரு"ன்னார். நானா இருந்தா 0.3 வந்தே ஆகணும்னு திருகியிருப்பேன்.

இந்த மரச் சமாச்சாரம் நிஜம்தான். காத்துல ஈரம் ஏறினா மரம் ஊறும், குறைஞ்சா சுருங்கும், கழுத்தும் கூடவே அசையும். சென்னையில கடல் காத்து, ஊர்ல வறண்ட காத்து. ரெண்டு ஊருக்கும் அலையற என் பேஸுக்கு இதை ஒருதடவை பண்ணி முடிச்சுட முடியாது. அதனாலதான் பண்ணக் கத்துக்கறது, கடையில கொடுக்கறதை விட உபயோகம்னு நினைக்கிறேன்.

அடுத்து உயரம். எண்ணெய் ஊறின ஸ்க்ரூ எல்லாம் இப்ப சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. பதினேழாம் ஃப்ரெட்டுல தடிசு கம்பிக்கு 2.4 மில்லி, மெல்லிசுக்கு 2 மில்லி. இதுவும் ஃபெண்டர் கணக்குதான், இன்ச்சுல 6/64, 5/64. ஆனா இது வேதவாக்கு இல்லை. மோடவுன் பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியை உசரமா வெச்சுத்தான் வாசிச்சார், பழைய கம்பியை மாத்தவும் மாட்டார். அந்தப் பக்கம் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஜாஸ் பேஸ்ல இருந்து ஃப்ரெட்டுகளையே பிடுங்கிட்டு, காடியை அடைச்சு, விரல்பலகை மேல படகுக்குப் பூசற எபாக்ஸியைப் பூசினார். ஆகவே நான் 2.4 மில்லிக்குப் பயந்து நடுங்கறது கொஞ்சம் ஓவர்தான் :-)

கடைசியாத்தான் சுருதி. என் மானம் போன இடம். இதுக்குப் பேர் இன்டனேஷன்.

ஒரு கம்பியைச் சும்மா தட்டினா ஒரு ஸ்வரம். சரிபாதியில அமுக்கித் தட்டினா அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில வரணும். பேஸ்ல கம்பியோட நீளம் 34 இன்ச், அதாவது 864 மில்லி. பன்னிரண்டாம் ஃப்ரெட் சரியா பாதியில, 432-ல. ஃப்ரெட்டுகளோட இடைவெளி கணக்கு அழகான கணக்கு. மிச்சமிருக்கிற நீளத்தை ஒவ்வொரு தடவையும் 17.817-ஆல வகுத்துக்கிட்டே போனா அடுத்தடுத்த ஃப்ரெட் வந்துடும். முதல் ஃப்ரெட் 48.5 மில்லியில. அந்தக் காலத்துல 18-ஆல வகுத்தாங்க. லூட் வாத்தியத்துக்கு இந்த 18 கணக்கைச் சொன்னவர் வின்சென்சோ கலிலி, 1581-ல வந்த தன் புத்தகத்துல. நம்ம கலிலியோவோட அப்பா! அப்பா கம்பியை அளந்தார், பையன் வானத்தை அளந்தான். (எங்க வீட்டுல பையன் கோர்ஸ் ஃபீஸை அளந்தான். சரி, விடுங்க.)

ஆனா கணக்கு காகிதத்துலதான் சுத்தம். கம்பியை விரலால அமுக்கும்போது அது துளி நீளுது, இறுக்கம் கூடுது, ஸ்வரம் உசந்துடுது. கம்பி எவ்வளவு உயரத்துல இருக்கோ அவ்வளவு அதிகமா இழுபடும். தடிசு கம்பிக்கு விறைப்பு வேற. அதை ஈடுகட்டத்தான் சேடிலைக் கொஞ்சம் பின்னால தள்ளிக் கம்பியை நீளமாக்கறது. பன்னிரண்டுல ஸ்வரம் உசந்திருந்தா பின்னால, தாழ்ந்திருந்தா முன்னால.

ஒரு அரைச் சுரத்தை நூறு பங்காப் போட்டா ஒரு பங்குக்கு சென்ட்னு பேர். ஹாஸ்டல்ல அளந்தப்போ என் தடிசு கம்பி பன்னிரண்டுல 20 சென்ட் உசரம். கீபோர்டுக்காரன் பார்வைக்குக் காரணம் அந்த 20. இப்ப கழுத்தை நிமிர்த்தி, கம்பியை இறக்கின பிறகு அளந்தா, சேடிலைத் தொடாமலே அது 11 ஆயிடுச்சு! வேலையை ஏன் இந்த வரிசையில பண்ணணும்னு எனக்குப் புரிஞ்சது அந்த நிமிஷம்தான். முதல்லயே சேடிலைத் தள்ளியிருந்தா இப்ப மறுபடி முன்னால இழுத்திருக்கணும்.

மிச்சம் 11. அப்பா கேட்டார், "ஒரு மில்லி தள்ளினா எவ்வளவு கொறையும்?" நான் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். 864-க்கும் 432-க்கும் போட்டுப் பார்த்தா ஒரு மில்லிக்கு 2 சென்ட் வருது. அப்ப அஞ்சரை மில்லி. அப்பா வெர்னியரைப் பூட்டி வெச்சுக்கிட்டார், நான் கம்பியைத் தளர்த்தி பின்பக்க ஸ்க்ரூவைத் திருகினேன். மறுபடி சுருதி கூட்டி, பன்னிரண்டுல தட்டினா முள்ளு நடுவுல வந்து நின்னுச்சு. செமஸ்டர்ல வாங்கின எந்த மார்க்குக்கும் எனக்கு இப்படிச் சந்தோஷம் வந்ததில்லை. அப்பா முகத்துல ஒண்ணும் தெரியலை. "அடுத்த கம்பி"ன்னார்.

இங்க ஒரு சின்ன விஷயம். தடிசு கம்பியைச் சும்மா தட்டினா 41.2 ஹெர்ட்ஸ். போன் ட்யூனர் அதைப் பிடிக்கத் திணறும், முள்ளு பேய் பிடிச்ச மாதிரி ஆடும். பன்னிரண்டாம் ஃப்ரெட் மேல விரலை வெறுமனே தொட்டுத் தட்டினா 82.4 வரும், அதை நல்லாப் பிடிக்கும். இது தெரியாம ஹாஸ்டல்ல ரெண்டு நாள் ஆப்பைத் திட்டினேன்.

புதுக் கம்பி மாட்டினதுல ஒரு கைங்கரியமும் பண்ணேன். கம்பியை முதல்ல மடக்கிட்டு அப்புறம் வெட்டணும். மடக்காம வெட்டினா உள் கம்பி மேல சுத்தியிருக்கிற சுருள் வழுக்கித் தளர வாய்ப்பிருக்கு. வெட்டறதுக்கு முன்னாடி, சாவியைத் தாண்டி நாலு அஞ்சு இன்ச் மிச்சம் விடணும். நான் அவசரத்துல ரெண்டு இன்ச்சுல வெட்டிட்டேன். ஒரு சுத்து கூடச் சரியா நிக்கலை. செட்டு கிட்டத்தட்ட 2,000 ரூபாய், அதுல தடிசு கம்பி காலி. பழைய கம்பியையே துடைச்சு மாட்டினேன். அதனால இன்னி வரைக்கும் என் பேஸ்ல மூணு புதுசு, ஒண்ணு பழசு. அப்பா அந்தத் துண்டுக் கம்பியை வெர்னியர்ல வெச்சுப் பார்த்து, "2.67. சொன்ன மாதிரி நூத்தியஞ்சு தவ்தான். நல்லா இழுத்திருக்கான்"னு ஜேப்புல போட்டுக்கிட்டார்.

பிக்கப் உயரத்தைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்லை. கடைசி ஃப்ரெட்டை அமுக்கிக்கிட்டு, காந்தத்துக்கும் கம்பிக்கும் 3 மில்லி கிட்ட விட்டோம். நெருங்கினா சத்தம் கூடும், ரொம்ப நெருங்கினா காந்தமே கம்பியை இழுத்து அதிர்வைக் கெடுக்கும். காந்தத்தைச் சுத்திக் காயில்னதும் அப்பா, "நம்ம மோட்டார் மாதிரி"ன்னார். "மோட்டார் இல்லப்பா, டைனமோ"ன்னேன். ரெண்டு நாள்ல நான் அவரைத் திருத்தின ஒரே இடம்.

லீவு முடியற அன்னிக்கு ராத்திரி சின்ன ஆம்ப்ல மாட்டி, ஒரு பழைய ராஜா பாட்டோட பேஸை வாசிச்சேன். அப்பா லேத்தைத் துடைச்சுக்கிட்டே கேட்டார். முடிச்சதும், "அந்த மெல்லிசு கம்பியில மேல ஒரு எடத்துல கரகரங்குது பாரு"ன்னார். மெல்லிசு கம்பி, பதினஞ்சாம் ஃப்ரெட். அந்த ஃப்ரெட் பக்கத்து ஃப்ரெட்டை விடத் தாழ்வா தேஞ்சிருக்கு. அதைச் சரிபண்ணணும்னா எல்லா ஃப்ரெட்டையும் சமமா ராவணும். அப்பா ஒரு ஃபைலைக் கையில எடுத்தார், கழுத்தைப் பார்த்தார், திரும்ப வெச்சுட்டார். "இது நம்ம வேலை இல்லை."

கல்சுரல்ஸ்ல எங்களுக்குப் பரிசு எதுவும் வரலை. பாடினவன் ரெண்டாவது சரணத்தை மறந்துட்டான். ஆனா அந்த எட்டு பார்ல பன்னிரண்டாம் ஃப்ரெட் வரைக்கும் ஏறினேன், இறங்கினேன். கீபோர்டுக்காரன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆயிரம் ஆயிரமாக் கழிச்சதுல பதினொண்ணு முடிஞ்சது, இன்னும் மூணு மாசம் பாக்கி. போன வாரம் அப்பா போன் பண்ணார். "சாப்பிட்டியா?"ன்னு கேட்டுட்டு, "என்ற த்ரீ பை சிக்ஸ்டீன் சாவி உன்கிட்டயா இருக்குது? ஷெட்டுல காணோம்"னார். என் பேஸ் பைக்குள்ளதான் இருந்தது. வர்ற பொங்கலுக்குக் கொண்டு வந்துடறேன்னு சொல்லியிருக்கேன்.